குதிரைப் பிரசவத்துக்கு மாட்டுக் கணக்கு உதவாது

கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலத்தில் ஜட்கா ஓட்டினோம். இப்போது கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையும் சாரட்டும் அனுப்புகிறோம். போன கார்த்திகை தீபத்தின்போது திருவண்ணாமலைச் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். ஆவணி நடுவில் ஆண் குதிரையோடு சேர்த்ததாக விற்றவர் சொன்னார். சினைதான் என்று எங்கள் ஊர் டாக்டரும் பார்த்துச் சொல்லிவிட்டார். இப்போது ஆனி பிறந்துவிட்டது. வீட்டில் ஒரு ஜெர்சி கலப்புப் பசுவும் ஆடிக் கடைசியில் கன்று போட வேண்டும். இரண்டு ஆடும் சினை. மாட்டுப் பிரசவம் எங்களுக்குப் பழக்கம். குதிரைக்குப் பார்த்ததில்லை. மாட்டுக்குச் செய்வதையே செய்தால் போதும் என்கிறார் அப்பா. குட்டி எப்போது வரும்? சரியான பிரசவம் எப்படி இருக்கும்? எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும்? நஞ்சு (நஞ்சுக்கொடி) விழும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா? ஆனியில் இன்னும் இரண்டு முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் உடனே பதில் வேண்டும். அந்த இரண்டு முகூர்த்தத்துக்கும் இந்தப் பெட்டையை அனுப்பாதீர்கள். வயிற்றுக் குட்டி வேகமாக வளர்வது கடைசி மூன்று மாதத்தில்தான். அந்த நேரத்தில் பேண்டு சத்தமும் சரவெடியும் தார் ரோட்டு வழுக்கலும் அதற்கு வேண்டாம். முன்பணம் வாங்கியிருந்தால் வேறு குதிரை பேசிக் கொடுங்கள். கையிலிருந்து கொஞ்சம் போனாலும் போகட்டும். ஆடி பிறந்தால் எப்படியும் கல்யாணம் இல்லை.

ஓய்வு என்றதும் கொட்டகையில் கட்டிப் போட்டுவிடாதீர்கள். நடக்காமல் நிற்கும் சினைக் குதிரைக்குக் கால் வீங்கும், அடிவயிற்றில் நீர் கோக்கும். வெயில் ஏறும் முன்பும் சாய்ந்த பிறகும் ஏரிக்கரையோரம் மெதுவாக நடக்க விடுங்கள். நம் பக்கத்து வெயில் ஆனி, ஆடியிலும் குறைவதில்லை. நிழலும் தொட்டி நிறையத் தண்ணீரும் எந்நேரமும் இருக்கட்டும்.

இனி அப்பா சொன்னதற்கு வருகிறேன். மாட்டுக்குக் கைவைத்துப் பழகியவருக்குப் பாதி விஷயம் கைக்குத் தெரியும். அவர் பக்கத்தில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். தண்ணிக்குடம், முன்னங்கால், மூக்கு, உடம்பு, நஞ்சு என்று வரும் வரிசை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் நேரக் கணக்கு முற்றிலும் வேறு. பசுவில் தண்ணிக்குடம் உடைந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்துக் கன்று வந்தாலும் உயிரோடு துள்ளும். பெட்டைக் குதிரையில் தண்ணிக்குடம் உடைந்த பிறகு பெரும்பாலும் இருபது நிமிடத்தில் குட்டி வெளியே வந்துவிடும். அரை மணி தாண்டினால் குட்டியின் உயிருக்கே ஆபத்து.

காரணம் நஞ்சுக்கொடியின் அமைப்பில் இருக்கிறது. பசுவின் நஞ்சு கருப்பைச் சுவரில் எழுபது முதல் நூற்றிருபது இடங்களில் பொத்தான் போலப் பிடித்திருக்கும். அந்தப் பிடிகள் ஒவ்வொன்றாக, மெதுவாகத்தான் விடும். அதுவரை தாயின் ரத்தத்திலிருந்து கன்றுக்கு மூச்சுக்காற்று போய்க்கொண்டிருக்கும். குதிரைக்கு அப்படி இல்லை. கருப்பையின் உள்பரப்பு முழுவதும் மெல்லிய வெல்வெட் விரித்ததுபோல நஞ்சு ஒட்டியிருக்கும். பிரசவ முக்கல் தொடங்கியதும் அது பரவலாக விடத் தொடங்கிவிடும். அதற்குள் குட்டி வெளியே வந்து தானாக மூச்சு விட வேண்டும். அதனால்தான் பெட்டையின் முக்கலும் அத்தனை பலமாக இருக்கிறது.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். குதிரைக்கென்று தனிப் பிரிவு இருக்கும் பெரிய இடம் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. குடியாத்தத்திலிருந்து வண்டியில் ஏற்றிப் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். குட்டி சிக்கியபின் அந்தப் பயணத்துக்கு நேரமே இருக்காது. ஆகவே டாக்டரைத் தேடுவதும் போன் நம்பர் வாங்குவதும் இந்த வாரமே நடக்க வேண்டும். உங்கள் ஊர் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: "ராத்திரி கூப்பிட்டால் வருவீர்களா? வர முடியாவிட்டால் யாரைக் கூப்பிடட்டும்? குதிரைக்குப் பிரசவம் பார்த்த டாக்டர் பக்கத்தில் யார்?" இப்படிக் கேட்டால் எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். 1962 என்ற கால்நடை அவசர எண்ணுக்கும் இப்போதே பேசி, இரவில் உங்கள் ஊருக்கு வண்டி வருமா என்று விசாரித்து வையுங்கள்.

அதே வாரத்தில் இன்னொரு வேலை, ரணஜன்னி என்கிற டெட்டனஸ் ஊசி. வீட்டு விலங்குகளிலேயே இந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாவது குதிரைதான். அதன் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் கிடக்கிறது. சந்தையில் வாங்கிய குதிரைக்கு முன்னால் ஊசி போட்டிருக்கிறார்களா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. போடவில்லை என்றே வைத்துக்கொண்டு இப்போது ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று என்று டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பு தாய்க்குப் போட்ட ஊசியின் பலன் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் 1932 முதல் இருக்கிறது. கோமாரி ஊசி என்றால் மாட்டை வரிசையில் நிறுத்தத் தெரிந்த வட்டாரம் இது. குதிரைக்கு மட்டும் ஊசி போடும் பழக்கம் வரவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

எப்போது குட்டி வரும் என்றால், குதிரையின் சினைக்காலம் சராசரி 340 நாள். ஆனால் 320-இல் போடுவதும் உண்டு, 365 வரை போவதும் உண்டு. ஆவணி நடுவில் சேர்த்தது உண்மையானால் ஆடி முதல் வாரத்திலிருந்தே நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஆடி மூன்றாம் வாரத்தை ஒட்டிப் போடலாம். ஆவணி வரை இழுத்தாலும் பெட்டை நன்றாகத் தின்று நடமாடினால் பதற வேண்டாம். பசுவுக்கு 280 நாள் என்று சொன்னால் ஒரு வாரம் முன்னே பின்னே வந்து நிற்கும். குதிரையிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. நாள் தள்ளிப்போகிறது என்று யாராவது ஊசி போட்டுச் சீக்கிரம் போட வைக்கிறேன் என்று வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். கருப்பை வாய் திறக்காத நிலையில், குட்டி எப்படிக் கிடக்கிறது என்று தெரியாமல் போடும் அந்த ஊசியால் தாயும் போகும், குட்டியும் போகும்.

காலண்டரைவிட மடியை நம்பலாம். மூன்று, நான்கு வாரம் இருக்கும்போது மடி இறங்கத் தொடங்கும். முதலில் பகலில் நடந்தால் வற்றும், காலையில் பெருத்திருக்கும். பிறகு எந்நேரமும் இறுக்கமாக நிற்கும். பிரசவத்துக்கு ஓரிரு நாள் முன்பு காம்பு நுனியில் மஞ்சளாக மெழுகு உருண்டைபோல ஒன்று கட்டும். எல்லாப் பெட்டைக்கும் கட்டாது. கட்டினால் அன்றிரவிலிருந்து ஆள் தூங்கக் கூடாது. காம்பில் ஒரு சொட்டு எடுத்து விரலில் தடவிப் பாருங்கள். தண்ணீராக, வைக்கோல் நிறத்தில் இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. வெள்ளையாகக் கெட்டிப்பட்டு விரலில் ஒட்டினால் நெருங்கிவிட்டது. ஒரு சொட்டுக்கு மேல் பீய்ச்சாதீர்கள். சீம்பால் ஒரு முறைதான் சுரக்கும். பிரசவத்துக்கு முன்பே பால் ஒழுகிக்கொண்டே இருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை, குட்டியின் பங்கு தரையில் போகிறது என்று அர்த்தம். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

அப்பா வாலடியில் குழி விழுந்ததா என்று பார்ப்பார். பசுவில் அது தெளிவாகத் தெரியும். குதிரையின் பின்தொடைச் சதை அதை மறைத்துவிடும். கையால் அழுத்திப் பார்த்தால் வாலின் இருபக்கமும் இறுக்கம் தளர்ந்திருப்பது தெரியும். பிறப்புறுப்பின் இதழ்கள் நீண்டு தொங்கும். இவற்றைத் தினமும் ஒரே நேரத்தில் பார்த்து வந்தால்தான் மாற்றம் கண்ணில் படும்.

இடம் பற்றி ஒன்று மிக முக்கியம். நம் வழக்கத்தில் மாட்டை முளையில் கட்டியபடியே பிரசவம் பார்த்துவிடுவோம். பெட்டையைக் கட்டக் கூடாது. அது படுக்கும், எழும், சுற்றும், புரண்டு மறுபக்கம் படுக்கும். இந்த அசைவில்தான் உள்ளே குட்டி புரண்டு சரியான நிலைக்கு வருகிறது. கயிறு அதைத் தடுக்கும். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடிக்குக் குறையாத இடம் வேண்டும். பதினான்கு அடி இருந்தால் இன்னும் நல்லது. ஆணி, தகடு, உடைந்த ஓடு எதுவும் இருக்கக் கூடாது. சுத்தமான உலர்ந்த வைக்கோலைக் கெட்டியாகப் பரப்புங்கள். மரத்தூள் வேண்டாம், ஈரக் குட்டியின் மூக்கிலும் தொப்புளிலும் ஒட்டும். ஆடிக் காற்றோடு ராத்திரி மழை வந்தால் ஒழுகாத கூரையா என்று இப்போதே பாருங்கள். குட்டி வருவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே பெட்டையை அங்கே விட்டுப் பழக்குங்கள்.

பெரும்பாலான குதிரைகள் இரவில்தான் குட்டி போடும். ஆள் நடமாட்டம் இருந்தால் முதல் கட்ட வலியைத் தள்ளிப்போடும் சக்தியும் பெட்டைக்கு உண்டு. பசு அவ்வளவு பார்ப்பதில்லை. ஆம்பூர் பக்கம் ஒரு ஜட்காக்காரர் வீட்டில் இதை நேராகவே பார்த்தேன். தெருவே கூடி நிற்கிறது; டார்ச் லைட் அடிக்கிறார்கள்; குழந்தைகள் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டைக்கு முழங்கைக்குப் பின்னால் வியர்வை, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, ஆனால் படுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் புல்லைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. "அவ்வளவுதான், பொய் வலி" என்று பாதிப்பேர் கலைந்தார்கள். மீதிப்பேரை நான் அனுப்பினேன். விளக்கை அணைத்து, வீட்டுக்காரரும் நானும் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் குடம் உடைந்த சத்தம் கேட்டது. எழுந்து பார்ப்பதற்குள் கால் தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இருவர் போதும். விலை குறைந்த வைஃபை கேமரா ஒன்றை மூலையில் மாட்டினால் திண்ணையில் இருந்தபடியே போனில் பார்க்கலாம். அதைச் செய்ய முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

முதல் கட்டத்தில் பெட்டை நிலைகொள்ளாமல் சுற்றும், வியர்க்கும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாணம் போடும், படுத்து எழும். வயிற்று வலி வந்த குதிரை போலவே இருக்கும். ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரை இது இருக்கலாம். வாலைச் சுத்தமான துணியால் சுற்றி, பின்பக்கத்தை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். நெய், விளக்கெண்ணெய், கஷாயம் எதையும் மூங்கில் குழாயில் ஊற்ற வேண்டாம். அது மூச்சுக் குழாயில் இறங்கினால் பிரசவத்தைவிடப் பெரிய ஆபத்து.

பிறகு குடம் உடையும். பழுப்பு மஞ்சள் தண்ணீர் குடக்கணக்கில் கொட்டும். அந்த நொடியில் கடிகாரத்தைப் பாருங்கள், நேரத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள், இன்னொருவர் குறித்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிடத்தில் பிறப்புறுப்பு வாயில் நீலம் கலந்த வெள்ளையாய், பளபளப்பான ஒரு சவ்வு தெரிய வேண்டும். அது உள்குடம். அதற்குள் குட்டியின் கால் தெரியும். இதுதான் சரியான வழி.

வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பாய், சொரசொரப்பான வெல்வெட் போன்ற பை வெளியே வந்தால் ஒரு நொடியும் யோசிக்காதீர்கள். குடம் உடைய வேண்டிய இடத்தில் உடையாமல், நஞ்சு முழுதாகக் கருப்பையிலிருந்து பிரிந்து முன்னால் வருகிறது. உள்ளே குட்டிக்கு மூச்சுக்காற்று நின்றுகொண்டிருக்கிறது. டாக்டருக்குக் காத்திருக்க நேரமில்லை. முனை மழுங்கிய கத்தரிக்கோலால் அந்தச் சிவப்புப் பையைக் கிழித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சவ்வையும் திறந்து, பெட்டை முக்கும்போதெல்லாம் குட்டியின் இரண்டு காலையும் பிடித்துத் தாயின் பின்னங்கால் பக்கம் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். போனில் டாக்டரை வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். கைவைக்காதீர்கள் என்று இந்தப் பதில் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறேன். சிவப்புப் பை ஒன்றில்தான் நீங்களாகவே கைவைக்கச் சொல்கிறேன்.

வெள்ளைச் சவ்வு வந்திருந்தால், அடுத்துக் குளம்பைப் பாருங்கள். பிறக்கும் குட்டியின் குளம்பின் அடியில் மெத்தென்று, மஞ்சள் வெள்ளையாக, விரல் விரலாகத் தொங்கும் சதைபோல ஒன்று இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஊனம் என்று பயந்துவிடுவார்கள். கூர்மையான குளம்பு தாயின் கருப்பையைக் கிழிக்காமலிருக்க இயற்கை போட்ட உறை அது. எழுந்து நடந்ததும் தேய்ந்து விழுந்துவிடும். குளம்பின் அடி தரையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கால் சற்று முன்னே, இன்னொன்று 15 சென்டிமீட்டர் அளவு பின்னே வரும். தோள் அகலம் ஒரே நேரத்தில் வழியை அடைக்காமலிருக்க அந்த ஏற்றத்தாழ்வு தேவை, அதைச் சமன் செய்ய இழுக்காதீர்கள். பின்னாலேயே முழங்கால்மேல் மூக்கு.

குளம்பின் அடி வானத்தைப் பார்த்தால் இரண்டு சந்தேகம்: குட்டி மல்லாந்து வருகிறது, அல்லது பின்னங்கால் முதலில் வருகிறது. காலைத் தொட்டு மடக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். குளம்புக்கு மேல் உள்ள முதல் மூட்டும் அதற்கு அடுத்த மூட்டும் ஒரே பக்கமாக மடங்கினால் முன்னங்கால். எதிரெதிர்ப் பக்கம் மடங்கினால் பின்னங்கால். இந்தச் சோதனை மாட்டுக்கும் ஆட்டுக்கும் அப்படியே பொருந்தும். இன்றே உங்கள் பசுவின் காலைப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள், இருட்டில் கை தானாகச் சொல்லும்.

ஒரு கால் மட்டும் வந்தால், கால் இரண்டும் வந்து மூக்கு வராவிட்டால், மூக்கு மட்டும் வந்தால், அடி மேல்நோக்கி இருந்தால், குடம் உடைந்து பத்து நிமிடம் பலமாக முக்கியும் எதுவுமே முன்னேறாவிட்டால் உடனே கூப்பிடுங்கள். அவர் வரும்வரை பெட்டையை எழுப்பி மெதுவாக நடத்துங்கள். நடக்கும்போது முக்கல் குறையும், உள்ளே குட்டி இறுகாமல் இருக்கும். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பது மட்டும் வேண்டாம். கழுத்து மடங்கிய குட்டியை எவ்வளவு இழுத்தாலும் வராது. தாயின் உள்பாகம்தான் கிழியும்.

சரியாகப் போனால் தோள் கழிவதுதான் கடினமான இடம். அது கழிந்ததும் உடம்பு வழுக்கிக்கொண்டு வரும். இடுப்பு வரை வந்து, பின்னங்கால் இன்னும் உள்ளே இருக்கும்போதே பெட்டை களைத்துப் படுத்திருக்கும். பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே கிடக்கலாம். குட்டியின் மூக்கில் சவ்வு மூடியிருந்தால் அதை மட்டும் விலக்கி, மூச்சு விடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பின்வாங்குங்கள். தொப்புள்கொடியை அறுக்காதீர்கள். தாய் எழும்போதோ குட்டி துள்ளும்போதோ வயிற்றிலிருந்து இரண்டு அங்குலத் தூரத்தில் தானாக அறும்; அந்த இடத்தில் ரத்தக்குழாய் தானே சுருங்கி மூடிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. கத்தியால் அறுத்தால் ரத்தம் ஒழுகவும் சீழ் பிடிக்கவும் வாய்ப்பு கூடும்.

தொப்புளில் சாணம், சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதையும் பூசாதீர்கள். ரணஜன்னிக் கிருமி எங்கே இருக்கிறது என்று மேலே சொன்னேன். டாக்டரிடம் குளோர்ஹெக்சிடின் மருந்தை வாங்கி, 0.5 சதவீதமாகக் கலப்பது எப்படி என்று கேட்டு வையுங்கள். சிறு கிண்ணத்தில் ஊற்றித் தொப்புள் முழுகும்படி தொட வையுங்கள். இரண்டு, மூன்று நாளைக்கு, நாளுக்கு இரண்டு வேளை. ஈ மொய்த்துப் புழு வைக்கும் காலம் அது. தினமும் குனிந்து பாருங்கள்.

இதற்கப்புறம் மூன்று நேரம் நினைவில் இருந்தால் போதும். குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாயின் நஞ்சு விழ வேண்டும். குட்டி விழுந்து விழுந்து எழும். தூக்கி நிறுத்தாதீர்கள், அந்த முயற்சியில்தான் அதன் கால் பலப்படுகிறது. இரண்டு மணி தாண்டியும் காம்பைப் பிடிக்கவில்லை என்றால் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

சீம்பால் கேள்விக்கு இங்கே பதில். நஞ்சு விழும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்பது தவறு. குதிரைக்கும் தவறு, மாட்டுக்கும் தவறு. மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் போய்விடுகிறது. குதிரை, மாடு, ஆடு இவற்றின் நஞ்சு வழியாக அது போகாது. பிறக்கும்போது குட்டி எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லாமல்தான் பிறக்கிறது. முழுக்கச் சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். அதை அப்படியே ரத்தத்தில் ஏற்றும் வழி குடலில் முதல் சில மணி நேரம்தான் நன்றாகத் திறந்திருக்கும். ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று குறைந்துகொண்டே வந்து ஒரு நாளில் மூடிவிடும். நஞ்சுக்காகக் காத்து விடியும்வரை பட்டினி போட்ட கன்றுகள் பத்தாம் நாள் கழிச்சலில் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைத் திருஷ்டி என்பார்கள். இன்னொன்று: குட்டி காம்பைச் சப்பும்போது தாயின் உடம்பில் சுரக்கும் அதே சுரப்புதான் கருப்பையைச் சுருக்கி நஞ்சையும் தள்ளுகிறது. பால் கொடுத்தால் நஞ்சு சீக்கிரம் விழும்.

நஞ்சு தொங்கிக்கொண்டிருந்தால் அதிலேயே ஒரு முடிச்சுப் போட்டு முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள், மிதிபடாமல் இருக்கும். கல், செங்கல், பழைய செருப்பு எதையும் கட்டித் தொங்கவிட வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். மூன்று மணி நேரத்தில் விழவில்லையென்றால் நடு இரவானாலும் டாக்டரை எழுப்புங்கள். பசுவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை பொறுக்கலாம். அந்தப் பழக்கத்தில் "காலையில் பார்த்துக்கலாம்" என்று அப்பா சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நஞ்சின் ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் அதன் விஷம் ரத்தத்தில் ஏறி நான்கு குளம்பிலும் அழற்சி வந்துவிடும். உயிர் பிழைத்தாலும் வண்டிக்கோ ஊர்வலத்துக்கோ அது பிறகு உதவாது.

விழுந்த நஞ்சை ஈரத் தரையில் விரித்துப் பாருங்கள். கால்சட்டை போல இரண்டு கொம்பு இருக்கும். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறிய கொம்பின் நுனிதான் பெரும்பாலும் அறுந்து உள்ளே தங்கும். அந்த நுனி முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். குட்டி வந்த ஓட்டை ஒன்றைத் தவிர வேறு கிழிசல் இருக்கக் கூடாது. படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பி, நஞ்சை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு நாய் எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் டாக்டர் பார்த்த பிறகு கட்டிக்கொள்ளலாம்.

முதல் நாளில் குட்டி கறுப்பாகக் கெட்டிச் சாணம் போட வேண்டும். வாலைத் தூக்கித் தூக்கி முக்கியும் வரவில்லையென்றால், ஆண் குட்டிகளில் இது அதிகம், டாக்டர் எனிமா கொடுத்து எடுப்பார். வாயில் எண்ணெய் விடாதீர்கள். ஏழாம் நாள், ஒன்பதாம் நாள் வாக்கில் பெட்டை மறுபடி பருவத்துக்கு வரும். அந்த நாட்களில் குட்டிக்கு லேசாகக் கழிந்தால், விளையாடிக்கொண்டும் பால் குடித்துக்கொண்டும் இருக்கும்வரை கவலை இல்லை. சோர்ந்து படுத்தால், காய்ச்சல் அடித்தால், பால் மறுத்தால் உடனே காட்டுங்கள்.

உங்கள் பசுவுக்குச் சொல்ல வேண்டியது குறைவு, உங்களுக்கே தெரியும். தண்ணிக்குடம் தெரிந்தபின் ஒரு மணி நேரம் நன்றாக முக்கியும் முன்னேற்றம் இல்லையென்றால் கூப்பிடுங்கள். ஜெர்சி ரத்தத்தில் பால் காய்ச்சல் அதிகம். கன்று போட்ட ஓரிரு நாளில் பசு எழ முடியாமல், கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்து, காது சில்லிட்டிருந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. நரம்பில் கால்சியம் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும். ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள். அரை மணிக்கு மேல் பலமாக முக்கியும் குட்டி வரவில்லையென்றால் பெரும்பாலும் இரண்டு குட்டியின் கால் பின்னிக்கொண்டிருக்கும். ஆட்டில் இரட்டை சந்தோஷம். குதிரையில் இரட்டை ஆபத்து, பெரும்பாலும் பாதியிலேயே கலைந்துவிடும்.

எருமை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. எருமைக்குச் சினை ஏறக்குறைய 310 நாள். அரைநாளாக வலிபோல நெளிந்தும் குடமே தெரியவில்லையென்றால் கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மற்ற விலங்குகளைவிட எருமையில் இது அதிகம். முறுக்கை எந்தப் பக்கம் உருட்டி எடுப்பது என்பது உள்ளே கைவிட்டுப் பார்த்தால்தான் தெரியும், அதனால் நீங்களாக உருட்ட வேண்டாம். கழுதைக்கு முழுதாக ஒரு வருடம் ஆகும். சில வாரம் கூடுதலாகவும் போகும். மற்றபடி குதிரைக்குச் சொன்ன நேரம் அப்படியே கழுதைக்கும்.

உங்கள் பெட்டையும் பசுவும் ஆடியிலேயே நாள் வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே ராத்திரி வலி எடுத்தால் பசுவை அம்மா பார்த்துக்கொள்ளட்டும். நீங்களும் அப்பாவும் கடிகாரத்தோடு குதிரைப் பக்கம் இருங்கள்.